ட்ரிப் ஆகிறதே என்று கழற்றிவிடாதீர்கள்

வாசகர் கேள்வி பதில்: மின் பாதுகாப்பு, மருத்துவப் பரிசோதனைக் கருவிகள், அவற்றின் காப்புரிமைகள்

வீட்டு டிபி பாக்ஸில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறது. மழை பெய்தால் ட்ரிப் ஆகி விழுந்துவிடுகிறது. சில நாள் காரணமே இல்லாமல் விழுகிறது. "இதை எடுத்துட்டு நேரா எம்சிபி போட்டுடலாம் சார்" என்கிறார் எலக்ட்ரீஷியன். எடுக்கலாமா?
– வாசகர், திருப்பூர்

எடுக்காதீர்கள். எம்சிபி காப்பாற்றுவது வயரை, ஆளை அல்ல. 16 ஆம்பியர் எம்சிபி விழ வேண்டுமென்றால் 16 ஆம்பியருக்கு மேல் ஓடவேண்டும். ஈரக் கையோடு ஹீட்டரைத் தொட்டவர் உடம்பு வழியாக ஓடுவது பெரும்பாலும் கால் ஆம்பியருக்கும் குறைவு. அவர் உயிர் போன பிறகும் எம்சிபி அசையாமல் நிற்கும்.

ஆர்சிசிபி வேறு கணக்குப் பார்க்கிறது. உள்ளே மோதிரம் போல ஒரு காந்த வளையம். பேஸ், நியூட்ரல் இரண்டும் அதன் நடுவே போகின்றன. பேஸில் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வந்தால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடும். வழியில் கொஞ்சம் எர்த்துக்கோ மனித உடம்புக்கோ தப்பிப் போனால், அந்த வித்தியாசம் மட்டும் வளையத்தில் மிஞ்சும். வளையத்தின் மேல் சுற்றியிருக்கும் மெல்லிய சுருள் அதை உணர்ந்து, நிரந்தரக் காந்தம் இழுத்துப் பிடித்திருக்கும் சின்ன ரிலேவை விடுவிக்கும். வீட்டில் 2 ஆம்பியர் ஓடுகிறதா 20 ஆம்பியர் ஓடுகிறதா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, கசிவு 15 வரை விழக்கூடாது. 30-ல் 300 மில்லிவிநாடிக்குள் விழ வேண்டும். 150-ல் 40 மில்லிவிநாடிக்குள். ஐஎஸ் 12640 தரநிலை கேட்பது இதைத்தான்.

ஆகவே காரணமே இல்லாமல் விழாது. காரணத்தைத் தேடும் வழி இது.

முதலில் எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை மட்டும் தூக்குங்கள். நின்றால், எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில் இருக்கும் பொருள்களைச் சொருகியிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவ வேண்டும். பெரும்பாலும் அகப்படுவது கீசரின் எலிமென்ட், வெளியில் இருக்கும் மோட்டார், மாடியில் மழை படும் லைட் பாயின்ட்.

எல்லா எம்சிபியும் இறங்கியிருக்கும்போதே விழுந்தால் பலர் "ஆர்சிசிபி போச்சு" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சிங்கிள் போல் எம்சிபி பேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் இணைந்தபடியே இருக்கும். எங்கோ ஓரிடத்தில் நியூட்ரல் வயர் சுவரின் ஈரத்திலோ எர்த் வயரிலோ பட்டிருந்தால், எம்சிபி இறங்கியிருந்தும் ஆர்சிசிபி விழலாம். இதைப் பிடிக்க மெயினை அணைத்து, நியூட்ரல் லிங்கிலிருந்து வயர்களைக் கழற்றி, 500 வோல்ட் மெக்கரால் (வயரின் காப்புத் தடையை அளக்கும் கருவி) ஒவ்வொன்றையும் எர்த்துக்கு எதிராகச் சோதிக்க வேண்டும். பொருள்கள் எதுவும் சொருகியிருக்கக் கூடாது. 1 மெகா ஓமுக்குக் குறைவாகக் காட்டும் வயர்தான் குற்றவாளி.

இன்வர்ட்டர் இருக்கும் வீடுகளில் இன்னொன்றும் நடக்கிறது. இன்வர்ட்டருக்குப் பேஸை ஆர்சிசிபிக்குப் பின்னால் எடுத்துவிட்டு, அந்த விளக்கு, ஃபேன்களின் நியூட்ரலை ஆர்சிசிபிக்கு முன்னால் இருக்கும் லிங்கில் கட்டிவிடுவார்கள். வளையத்தின் வழியே போனது வளையத்தின் வழியே திரும்பாததால் முழு லோடும் கசிவாகத் தெரியும். ஒரு ஃபேன் போட்டாலே விழும். ஓர் ஆர்சிசிபிக்கு ஒரு நியூட்ரல் லிங்க், அதிலே வேறு லைனின் நியூட்ரல் கலக்கக் கூடாது. மூன்று பேஸுக்கும் தனித்தனியாக ஆர்சிசிபி வைத்த வீடுகளிலும் இதே பிழைதான் திரும்பத் திரும்ப வருகிறது.

கடைசியாக ஒன்று. கம்ப்யூட்டர், எல்இடி டிரைவர், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் நல்ல நிலையிலேயே கொஞ்சம் கொஞ்சம் எர்த்துக்குக் கசியவிடும். கசிவு கிளாம்ப் மீட்டரைப் பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். சாதாரண நிலையிலேயே 9, 10 மில்லிஆம்பியரைத் தாண்டினால் லைன்களைப் பிரித்து இரண்டு ஆர்சிசிபி வையுங்கள்.

வாஷிங் மெஷினுக்கு 'ஏ' டைப் ஆர்சிசிபி வேண்டும் என்கிறார்களே, அவசியமா?
– வாசகி, தஞ்சாவூர்

இன்வர்ட்டர் மோட்டார் வைத்த மெஷின் என்றால் அவசியம். அதன் எலக்ட்ரானிக்ஸ் பகுதியில் கசிவு ஏற்பட்டால் அது முழு அலையாக வராமல், ஒரே திசையில் துடிக்கும் பாதி அலையாக வரலாம். அது வளையத்தை ஒரு பக்கமாகக் காந்தமாக்கிவிடும். 'ஏசி' டைப் கருவி அதைப் பார்க்காமலே போகலாம். முகப்பில் இருக்கும் படத்தைப் பாருங்கள். ஓர் அலை மட்டும் இருந்தால் ஏசி டைப். அதோடு பாதி அலைகளும் வரைந்திருந்தால் ஏ டைப்.

ஆர்சிசிபியைக் கண்டுபிடித்தவர் யார்? காப்புரிமை யாரிடம்? இந்தியாவில் 30 மில்லிஆம்பியர், அமெரிக்காவில் 5 என்பது ஏன்?
– இயற்பியல் ஆசிரியர், விழுப்புரம்

ஒருவர் பெயரைச் சொல்லி முடிக்க முடியாது. வித்தியாசத்தை அளக்கும் யோசனை பழையது. உயிரைக் காக்கும் அளவுக்கு நுட்பமாக அதைக் கொண்டுவந்ததில் இருவரைச் சொல்ல வேண்டும்.

தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபின் 1955-ல் செய்த முதல் கருவி 525 வோல்ட் லைனில் 250 மில்லிஆம்பியர் கசிவுக்கு விழுந்தது. அது இயந்திரத்துக்குப் போதும், மனிதனுக்குப் போதாது. அடுத்த ஆண்டு அவர் செய்தது 220 வோல்ட்டில் 12.5 முதல் 17.5 மில்லிஆம்பியருக்கே விழுந்தது. அந்த முறைக்கு அவர் காப்புரிமையும் பெற்றார். 20 மில்லிஆம்பியரில் விழும் வடிவமும் வந்தது. ஸ்டில்ஃபான்டைன் என்ற சுரங்கக் குடியிருப்பில் வீட்டு மின்விபத்தில் ஒரு பெண் இறந்துபோனதும், 1957, 58-ல் அங்கே சில நூறு வீடுகளில் அதைப் பொருத்தினார்கள்.

மற்றவர் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த சார்லஸ் டால்சீல். பிளக்கிலேயோ சாக்கெட்டிலேயோ அடங்கிவிடும் சின்னக் கருவிக்கு 1965 அக்டோபரில் அவருக்குக் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமை எண் 3,213,321. கருவியைவிடப் பெரியது அதற்கு முன்னால் அவர் செய்த அளவீடு. கையில் கம்பியைப் பிடித்தவர் எவ்வளவு கரண்ட் வரை தானாக விட முடியும் என்று 134 ஆண்களிடமும் 28 பெண்களிடமும், தாமாக முன்வந்தவர்களிடம், சோதித்தார். 60 ஹெர்ட்ஸில் சராசரி ஆண்களுக்குச் சுமார் 16, பெண்களுக்கு 10.5 மில்லிஆம்பியர். ஏறக்குறைய எல்லோராலும் விட முடிந்த எல்லை ஆண்களுக்கு 9, பெண்களுக்கு 6. அமெரிக்கக் கருவிகள் 4 முதல் 6 மில்லிஆம்பியருக்குள் விழுவதன் காரணம் இந்த 6-தான்.

நம் 30 வேறு அபாயத்தைக் குறிவைக்கிறது: இதயத் துடிப்பு குலைந்து நடுங்கிப்போவது. டால்சீலின் இன்னொரு சூத்திரம் இதைச் சொல்கிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு, 116-ஐ விநாடிக் கணக்கிலான நேரத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஆபத்து எல்லை மில்லிஆம்பியரில் கிடைக்கும். 230 வோல்ட், உடம்பின் தடை 1,000 ஓம் என்றால் ஓடுவது 230 மில்லிஆம்பியர். அதைக் கால் விநாடி வரைதான் இதயம் தாங்கும். ஆர்சிசிபி 40 மில்லிவிநாடியில், அதாவது விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கில் துண்டித்துவிடுகிறது. வகுப்பில் மாணவர்களையே இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள் ஐயா, மறக்க மாட்டார்கள்.

இதில் ஒரு குறை இருப்பதையும் சொல்லுங்கள். 20 மில்லிஆம்பியர் ஓடினால் கை விடாது. 30 மில்லிஆம்பியர் கருவி விழும் என்ற உறுதியும் கிடையாது. குளியலறை லைனுக்கு 10 மில்லிஆம்பியர் கருவி விற்பது இதற்காகத்தான். இன்னொரு குறை: ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்து, தரையோடு தொடர்பில்லாமல் நின்றால் எந்த ஆர்சிசிபியும் விழாது. போனது அப்படியே திரும்பி வருகிறதே.

மகன் அமெரிக்காவிலிருந்து ஜிஎஃப்சிஐ சாக்கெட் (கசிந்தால் தானே துண்டித்துக்கொள்ளும் சாக்கெட்) இரண்டு கொண்டுவந்திருக்கிறான். பாத்ரூமில் பொருத்தலாமா?
– வாசகர், காரைக்குடி

கூடாது. அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. 230 வோல்ட்டில் உள்ளே இருக்கும் சர்க்யூட் கருகும். கருகிய பிறகும் சாக்கெட்டில் கரண்ட் இருக்கலாம். இங்கே கிடைக்கும் 10 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியை அந்த லைனுக்கு மட்டும் தனியாக வையுங்கள்.

ஃப்ரிட்ஜ் பாடியில் டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிகிறது, தொட்டால் சுருக்கென்று இருக்கிறது. ஆனால் ஃப்ரிட்ஜ் நன்றாக ஓடுகிறது. விட்டுவிடலாமா?
– வாசகி, தேனி

விடாதீர்கள். அந்த சாக்கெட்டில் எர்த் இல்லை என்பதற்கு அது அடையாளம். பல எலக்ட்ரானிக் பொருள்களில் இரைச்சலை வடிக்க, பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு சிறு கபாசிட்டர், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்று இருக்கும். எர்த் இணைந்திருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் பாடி பாதி வோல்ட்டேஜில், 115 வோல்ட் பக்கம், மிதக்கும். இன்றைக்கு வெறும் சுருக்குதான். நாளை உள்ளே ஒரு வயர் உரசி பாடியில் பட்டால் அது முழு 230.

எலக்ட்ரீஷியன்கள் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 100 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார்த்து "எர்த் நல்லா இருக்கு" என்பார்கள். பல்பில் ஓடுவது அரை ஆம்பியருக்கும் குறைவு. எர்த் குழியின் தடை 50 ஓம் இருந்தாலும் பல்பு கிட்டத்தட்ட முழுதாகவே எரியும். எரியாவிட்டால் எர்த் இல்லை என்பது உறுதி. எரிந்தால் எர்த் போதுமானது என்று உறுதியில்லை. ஆர்சிசிபி உள்ள வீட்டில் அந்தச் சோதனை செய்த கணமே ஆர்சிசிபி விழ வேண்டும். எர்த் டெஸ்டர் வைத்துத் தடையை அளக்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் பிளக்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் பச்சை வயர் திருகாணியிலிருந்து கழன்று, பிளக்குக்குள்ளேயே சும்மா கிடக்கும்.

தனியார் மருத்துவமனையில் பயோமெடிக்கல் டெக்னீஷியனாகச் சேர்ந்திருக்கிறேன். இசிஜி, மானிட்டர் இவற்றுக்கு லீக்கேஜ் சோதனை செய்யச் சொல்கிறார்கள். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கும்போது மைக்ரோஆம்பியர் கணக்கு எதற்கு? எப்படிச் செய்வது?
– வாசகர், ஈரோடு

வீட்டில் கரண்ட் தோல் வழியாக உள்ளே போகிறது. ஐசியூவில் கழுத்து ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள்ளேயே குழாய் போட்டிருப்பார்கள். பேஸ்மேக்கர் வயர் இதயத் தசையைத் தொட்டிருக்கும். அந்த வழியில் 100 மைக்ரோஆம்பியர் அளவே இதயத்தை நடுங்கவைக்கப் போதும். 30 மில்லிஆம்பியர் என்பது அதைப்போல் 300 மடங்கு. ஆர்சிசிபிக்கு அது கண்ணிலேயே படாது.

அதனால்தான் ஐஇசி 60601 தரநிலை, இந்தியாவில் ஐஎஸ் 13450, நோயாளியின் மேல் படும் பகுதிகளை மூன்றாகப் பிரிக்கிறது. கருவியில் லீட் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் படம் இருக்கும். வெறும் மனித உருவம் என்றால் பி. கட்டத்துக்குள் மனிதன் என்றால் பிஎஃப். கட்டத்துக்குள் இதயம் என்றால் சிஎஃப். இரு பக்கமும் துடுப்பு போல வரைந்திருந்தால் டீஃபிப்ரிலேட்டர் (இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி) அடியைத் தாங்கும். பி, பிஎஃப் பகுதிகளில் நோயாளிக் கசிவு சாதாரண நிலையில் 100, ஒரு பழுது நிலையில் (எர்த் திறந்தது போல ஏதாவது ஒன்று மட்டும் கெட்ட நிலை) 500 மைக்ரோஆம்பியர் வரை. சிஎஃப் என்றால் 10, 50. கருவியின் வெளிக்கூட்டைத் தொட்டால் வரும் கசிவுக்கு 100, 500.

செய்முறை. நோயாளியிடமிருந்து கருவியைக் கழற்றிய பிறகுதான் தொடங்க வேண்டும். இதற்கு விதிவிலக்கே கிடையாது. முதலில் கண்ணால் பாருங்கள்: பிளக்கின் எர்த் பின் ஆடுகிறதா, வயர் கருவிக்குள் நுழையும் இடத்தில் மடிந்து வெடித்திருக்கிறதா, யாராவது மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் அடாப்டர் போட்டிருக்கிறார்களா. பழுதில் பாதி இங்கேயே அகப்படும். அடுத்து எர்த் தொடர்ச்சி. பிளக்கின் எர்த் பின்னிலிருந்து கருவியின் உலோகப் பகுதி வரை, பிரிக்க முடியாத வயரோடு சேர்த்து 0.2 ஓமுக்குள். அளக்கும்போது வயரை இரு முனைகளிலும் வளைத்து ஆட்டுங்கள். ரீடிங் துள்ளினால் உள்ளே இழை அறுந்து வருகிறது என்று பொருள். எண் எல்லைக்குள் இருந்தாலும் வயரை மாற்றிவிடுங்கள்.

அதன் பிறகு கசிவு. சேஃப்டி அனலைசர் என்ற சோதனைக் கருவிக்குள் மனித உடம்புக்குப் பதிலாக 1,000 ஓம் தடை இருக்கும். கூடவே 10,000 ஓமும் 0.015 மைக்ரோஃபாரட் கபாசிட்டரும் சேர்ந்த ஒரு வடிகட்டி. அதன் மேல் 1 மில்லிவோல்ட் என்றால் 1 மைக்ரோஆம்பியர். கருவியை ஆன் செய்தே அளக்க வேண்டும். நேர் துருவம், பேஸும் நியூட்ரலும் மாறிய துருவம், நியூட்ரல் திறந்த நிலை, எர்த் திறந்த நிலை என ஒவ்வொன்றிலும் வரும் பெரிய எண்ணை எழுதுங்கள். உதாரணமாக, இசிஜி லீட்களில் எர்த் திறந்தபோது 35 மைக்ரோஆம்பியர் என்றால் சிஎஃப் கருவிக்கு அது ஒரு பழுது நிலை. 50-க்குள் இருக்கிறது, தேறும். அதே 35 எர்த் இணைந்திருக்கும்போதே வந்தால் தேறாது.

லீட்களுக்கு மெயின்ஸ் வோல்ட்டேஜ் கொடுக்கும் சோதனையின்போது லீட்டையோ கிளிப்பையோ கையில் பிடித்திருக்காதீர்கள். பட்டன் அழுத்தும் கையைத் தவிர மறு கை பையில் இருக்கட்டும்.

எண் எல்லைக்குள் இருக்கிறதே என்று பழைய பதிவைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம். போன ஆண்டு 12, இந்த ஆண்டு 70 என்றால், எல்லை 100-ஆகவே இருந்தாலும் உள்ளே ஏதோ நடந்திருக்கிறது. லீட் கனெக்டருக்குள் சலைன் காய்ந்து உப்பு படிந்திருப்பது அடிக்கடி காணும் காரணம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துக் காயவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

ஆபரேஷன் தியேட்டரில் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (எர்த்தோடு இணைக்காமல் கரண்ட் கொடுப்பது) இருந்தால் அதன் மானிட்டரையும் பாருங்கள். அங்கே முதல் பழுதுக்கு கரண்ட் போகக்கூடாது; அறுவைசிகிச்சை நடுவில் வென்டிலேட்டர் நின்றுவிடும். லைனுக்கும் எர்த்துக்கும் இடையிலான தடை 50 கிலோ ஓமுக்குக் கீழே போனால் மணி மட்டும் அடிக்கும். அந்த மணியின் சத்தத்தை அணைத்துவைத்து மறந்துவிடுவதுதான் அங்கே நடக்கும் பெரிய தப்பு.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் சில நேரம் 85-லேயே நிற்கிறது. அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். கருவி பழுதா?
– வாசகி, புதுச்சேரி

85 என்ற எண் தற்செயலாக வருவதில்லை. அதைப் புரிந்துகொள்ள இதைக் கண்டுபிடித்த விதத்தையே சொல்லிவிடலாம்.

ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த டக்குவோ அவோயாகி, ரத்தத்தில் சாயம் செலுத்தி, காது மடல் வழியாக ஒளி பாய்ச்சி, இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்று அளக்க முயன்றார். நாடித் துடிப்பால் ஒளி ஏறி இறங்குவது அவருக்குத் தொல்லையாக இருந்தது. இன்னோர் அலைநீள ஒளியைச் சேர்த்து அந்தத் துடிப்பைக் கழிக்கப் பார்த்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் மாறும்போதெல்லாம் கழித்தல் சரியாக வரவில்லை. அந்தக் கழியாத மிச்சமே ஆக்சிஜன் அளவைச் சொல்கிறது என்று கண்டுகொண்டார். துடிக்கும் பகுதியை மட்டும் எடுத்தால் தோல், சதை, எலும்பு எல்லாம் கணக்கிலிருந்து விழுந்துவிடும். தமனி ரத்தம் மட்டும் மிஞ்சும். 1974 மார்ச் 29-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அதே யோசனையோடு மினோல்டா நிறுவனம் விண்ணப்பித்தது ஏப்ரல் 24-ல். இடைவெளி 26 நாள். அவோயாகி 2020 ஏப்ரலில், அவர் கருவியை உலகமே கையில் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், காலமானார்.

இப்போது 85-க்கு வருவோம். கருவி 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியிலும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பிலும் துடிப்பின் பங்கை எடுத்து, ஒன்றை மற்றதால் வகுக்கிறது. தோராயக் கணக்கு: அந்த விகிதத்தை 25-ஆல் பெருக்கி 110-லிருந்து கழிக்க வேண்டும். விகிதம் 0.5 என்றால் 97 அல்லது 98. கை நடுங்கினாலோ, வெயில் அல்லது ட்யூப்லைட் உள்ளே புகுந்தாலோ, இரண்டு ஒளியும் ஒரே அளவு ஆடும். விகிதம் 1 ஆகிவிடும். 110-லிருந்து 25 போனால் 85. அப்பாவின் நாடி கிடைக்காமல் கருவி இரைச்சலை அளக்கிறது என்பதே இதன் பொருள்.

5 நிமிடம் உட்காரவையுங்கள். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். நெயில் பாலிஷோ கருப்பு மெஹந்தியோ இல்லாத விரலாக, நடுவிரலாக இருந்தால் நல்லது. ஒரு நிமிடம் அசையாமல் பொறுங்கள். கருவி காட்டும் நாடியும் மணிக்கட்டில் நீங்கள் விரல் வைத்து எண்ணும் நாடியும் ஒத்துவந்தால் மட்டும் ஆக்சிஜன் எண்ணை நம்புங்கள். நாடி ஒத்துவந்தும் 85 என்றால், அல்லது மூச்சு வாங்கினால், வேறு கருவி தேடிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று: கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். 2020-ல் அமெரிக்க நோயாளிகளிடம் செய்த ஒரு பெரிய ஆய்வில், கருவி 92 முதல் 96 காட்டியும் ரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையில் குறைந்திருந்தது வெள்ளையரைவிடக் கருப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று தெரிந்தது. எனவே ஓர் எண்ணைவிட, அப்பாவுக்கு வழக்கமாக எவ்வளவு, இன்று எவ்வளவு என்று பாருங்கள். புகை நிறைந்த அறையில் மயங்கியவருக்கு 98 காட்டினாலும் நம்பக்கூடாது. கார்பன் மோனாக்சைடு பிடித்த ரத்தமும் இந்தக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தம்போலத்தான் தெரியும்.

டெங்கு காய்ச்சலில் ஒரு லேபில் பிளேட்லெட் 38,000, இரண்டு மணி நேரம் கழித்து வேறு லேபில் 90,000. எதை நம்புவது?
– வாசகர், திருநெல்வேலி

இரண்டு லேபும் பெரும்பாலும் ஒரே பழைய காப்புரிமையில் சொன்ன முறையில் ஓடுகின்றன. சிகாகோவில் வாலஸ் கோல்டர் 1949-ல் விண்ணப்பித்து 1953 அக்டோபர் 20-ல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை 2,656,508. உப்புத் தண்ணீரில் ஒரு நுண்ணிய துளை, இரு பக்கமும் மின்முனை. துளை வழியே ஒரு ரத்த அணு போகும்போது அது தன் பருமன் அளவு உப்பு நீரை விலக்கும். மின்தடை ஒரு கணம் கூடும். எத்தனை துள்ளல் என்றால் அத்தனை அணு; துள்ளல் எவ்வளவு உயரமோ அணு அவ்வளவு பெரிது.

கருவி அணுவைப் பார்ப்பதில்லை, பருமனைத்தான் பார்க்கிறது. பிழைகள் எல்லாம் இங்கிருந்துதான். பிளேட்லெட்டுகள் ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் இடிடிஏ-வால் சிலருக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பத்து சேர்ந்து போனால் கருவிக்கு ஒன்று. எண்ணிக்கை பொய்யாகக் குறையும். இரும்புச் சத்து குறைந்தவரின் சிறுத்த சிவப்பணுத் துண்டுகள் பிளேட்லெட் கணக்கில் சேர்ந்து பொய்யாகக் கூட்டிவிடும். துளையில் அடைப்பு, காற்றுக்குமிழி, சரியில்லாத எர்த் இவையும் போலித் துள்ளல் கொடுக்கும்.

லேபிடம் மூன்று கேளுங்கள். காலையில் ரத்தம் சேர்க்காமல் வெறும் டைல்யூயன்ட் (ரத்தத்தை நீர்க்கச் செய்யும் திரவம்) ஓட்டிப் பார்த்தார்களா? பல கருவிகளில் அப்போது பிளேட்லெட் 10,000-ஐத் தாண்டக்கூடாது. நோயாளிக்கே 20,000 இருக்கும்போது கருவியின் சொந்த இரைச்சல் 8,000 என்றால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. ஸ்மியர் (கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) போட்டுப் பார்த்தார்களா? ஆயில் லென்ஸில் 10 புலங்களின் சராசரியை 15,000-ஆல் பெருக்கினால் தோராய எண்ணிக்கை கிடைத்துவிடும். ஒட்டிக்கொண்ட பிளேட்லெட் கட்டிகள் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். கட்டி இருந்தால் நீல மூடி சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்தார்களா? அதில் வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்க வேண்டும். குழாயில் இருக்கும் திரவம் ரத்தத்தைப் பத்தில் ஒரு பங்கு நீர்த்துப்போகச் செய்திருக்கும்.

காய்ச்சல் இறங்கும் நாள்களில் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து படுப்பது இவை இருந்தால் எந்த லேபின் எண்ணுக்கும் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

டிப்ளமோ இறுதியாண்டு. சாக்கெட்டில் சொருகினால் எர்த் தடையை அளந்து தமிழில் குரலாகச் சொல்லும் கருவி செய்திருக்கிறோம். அடுத்த மாதம் சிம்போசியத்தில் வைக்கிறோம். அதன் பிறகு காப்புரிமை கேட்கலாமா?
– மாணவி, நாகர்கோவில்

வரிசையை மாற்றுங்கள் அம்மா. முதலில் விண்ணப்பம், பிறகு சிம்போசியம். பொதுவில் காட்டிவிட்டால் அது புதியது அல்ல என்றாகிவிடும். மத்திய அரசு அறிவித்த கண்காட்சி, அறிஞர் சங்கத்தில் வாசித்த கட்டுரை என்று சிலவற்றுக்கு 12 மாத விலக்கு இருக்கிறது. கல்லூரி சிம்போசியமும் அதில் சேரும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

அதற்கும் முன்னால் தேடுங்கள். புதுமை என்பது உலக அளவில். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடல் இலவசம். கூகுள் பேட்டன்ட்ஸும் இலவசம். சாக்கெட் டெஸ்டர்கள் ஏராளமாக இருக்கின்றன. தமிழில் பேசுகிறது என்பது மட்டும் போதாது. உங்கள் கருவி ஆர்சிசிபியை விழவைக்காமல் எர்த் தடையை அளக்கிறதா? அப்படியென்றால் எவ்வளவு கரண்ட், எத்தனை மில்லிவிநாடி, எந்தச் சர்க்யூட் என்பதுதான் உங்கள் கோரிக்கைப் பகுதியின் (எது உங்களுக்கு மட்டும் உரியது என்று சொல்லும் பகுதி) உயிர்.

நேரம் குறைவாக இருப்பதால் தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பியுங்கள். தனிநபருக்கும் கல்வி நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் 30 பக்கம், 10 கோரிக்கை வரை 1,600 ரூபாய். அன்றைய தேதி உங்களுக்கு உறுதியாகிவிடும். 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு கொடுக்க வேண்டும். தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். விண்ணப்பத்தை அலுவலகம் பரிசோதிப்பதற்கான வேண்டுகோளைத் தனியாகக் கொடுக்க வேண்டும்: 4,000 ரூபாய், 31 மாதத்துக்குள். தானாக நடக்கும் என்று நினைத்து இதை விட்டவர்கள்தான் அதிகம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னை கிண்டியில். கிடைத்தால் விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு.

அடுத்து மருத்துவக் கருவி செய்யும் எண்ணம் இருந்தால், நோயைக் கண்டறியும் முறைக்கு இந்தியச் சட்டம் பிரிவு 3(ஐ)-ன்படி காப்புரிமை தராது. அதைச் செய்யும் கருவிக்குத் தரும். ஒரே யோசனையை "அளக்கும் முறை" என்று எழுதினால் நிராகரிப்பு, "இன்ன இன்ன பாகங்கள் கொண்ட கருவி" என்று எழுதினால் பரிசீலனை.

உங்கள் குழுவில் எத்தனை பேர், வழிகாட்டிய ஆசிரியரின் பங்கு என்ன, விண்ணப்பதாரர் கல்லூரியா நீங்களா என்பதை விண்ணப்பத்துக்கு முன்னாலேயே எழுத்தில் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சிம்போசியப் போஸ்டரில் சர்க்யூட் படம் போடுவதாக இருந்தால், அச்சுக்குக் கொடுக்கும் முன் விண்ணப்ப எண் கையில் இருக்க வேண்டும்.